துஆவுக்குக் கடைமடை இல்லை

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மேட்டூர் அணையைப் பாசனத்திற்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12 என்பது தஞ்சைத் தரணியில் சிறுவர்களும் அறிந்த செய்தி. அன்றே திறந்தாலும், நீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடையை எட்டுவதற்குள் எத்தனை நாட்கள்! மேலே உள்ளவர் மடையை அடைத்துக்கொண்டால் கீழே உள்ளவரின் நாற்றங்கால் காய்கிறது.

அல்லாஹ்வின் ரஹ்மத் அப்படிப்பட்டதன்று. அங்கே தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை. முறை வைத்துக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. அல்பகரா அத்தியாயத்தின் 186ஆம் வசனம், தான் அடியார்களுக்கு மிக அருகில் இருப்பதாகவும், அழைப்பவரின் அழைப்புக்குப் பதிலளிப்பதாகவும் அல்லாஹ் அறிவிப்பதைக் கூறுகிறது. குர்ஆனின் பல இடங்களில், மக்கள் நபியவர்களிடம் கேட்ட கேள்விகளுக்கு, ‘நீர் கூறும்’ என்று கட்டளையிட்டே அல்லாஹ் விடை தருகிறான். இந்த வசனத்திலோ அந்தச் சொல் இல்லை. நேரடியாகத் தானே பேசுகிறான். துஆவில் அடியானுக்கும் இறைவனுக்கும் இடையே எவரும் இல்லை என்பதை இது உணர்த்துவதாக விரிவுரையாளர்கள் விளக்குவர்.

ஆனால் நம் நிலை என்ன? “ஹஜ்ரத்! மகனுக்கு விசா கிடைக்க துஆ செய்யுங்கள், மகள் திருமணத்திற்கு துஆ செய்யுங்கள்” என்று கேட்கிறோம். பிறரிடம் துஆ செய்யச் சொல்வது கூடாததன்று. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ உரை நிகழ்த்திக்கொண்டிருந்தபோது ஒரு கிராமவாசி வந்து, கால்நடைகள் மடிகின்றன என்று முறையிட்டு, மழைக்காக துஆ செய்யக் கேட்டார். அவர்கள் அங்கேயே கையேந்தினார்கள்; அடுத்த ஜும்ஆ வரை மழை பொழிந்தது என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. எனினும், தன் மகனுக்காக ஒரு தாய் விடும் கண்ணீரை எந்த ஹஜ்ரத்தால் விட முடியும்? இமாம் ஓதும் துஆவுக்கு ஆமீன் சொல்லி எழுந்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

“எனக்கு அரபி தெரியாதே” என்று சிலர் தயங்குகின்றனர். தொழுகைக்குள் ஓத வேண்டியவற்றை அரபியிலேயே ஓதவேண்டும். தொழுகைக்கு வெளியே கேட்கும் துஆவைத் தாய்மொழியில், நம் சொந்தச் சொற்களில் கேட்கலாம். ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் எலும்புகள் தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் தாழ்ந்த குரலில் தம் இறைவனிடம் எடுத்துரைத்தே பிள்ளை வரம் கேட்டார்கள். மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இதனைக் காணலாம். அறுந்த செருப்பு வாரைக்கூட அல்லாஹ்விடமே கேட்குமாறு திர்மிதியில் ஒரு நபிமொழி உண்டு. அவனிடம் கேட்கக் கூடாத அளவுக்குச் சிறிய தேவை என்று ஒன்றில்லை.

சகோதரர்களே! 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. சம்பா கருகிக் கிடந்த அந்நாட்களில், தொழுகை முடிந்து ஒரு முதியவர் என்னிடம், “ஹஜ்ரத், நான் கேட்காத நாளில்லை, ஏன் கிடைக்கவில்லை?” என்றார். மறு ஆண்டு, 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னைகளைச் சாய்த்தபோதும் பல உள்ளங்கள் இவ்வாறே கேட்டிருக்கும்.

பாவமோ உறவை முறிப்பதோ கலவாத துஆவுக்கு அல்லாஹ் மூன்றில் ஒன்றைத் தருகிறான் என்பது முஸ்னத் அஹ்மதில் வரும் நபிமொழியின் கருத்து. கேட்டதை இங்கேயே தருவான். அல்லது மறுமைக்குச் சேமித்து வைப்பான். அல்லது அதற்கு நிகரான ஒரு தீங்கை அகற்றுவான். குறுவை ஏறத்தாழ நான்கு மாதத்திற்குள் அறுவடைக்கு வரும். சம்பாவுக்கு ஐந்து மாதமும் ஆகும். சம்பாவை விதைத்தவர் குறுவையின் நாள்கணக்கைப் பார்த்து வயலை விட்டுப் போவதில்லை. அவசரப்பட்டு, “கேட்டேன், கிடைக்கவில்லை” என்று கைவிடுவதே துஆவுக்குக் கேடு என நபி (ஸல்) எச்சரித்துள்ளார்கள். இதையே அம்முதியவரிடம் கூறினேன். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. ஆனால் மீண்டும் ஸஃப்பில் அமர்ந்து கைகளை ஏந்தினார்.

இன்னொன்றையும் மறவாதீர்! ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்னார்கள் பெருமானார் (ஸல்). வாய்க்கால் தூர்வாராமல் மழையை மட்டும் கேட்பது முறையன்று. மேலும், உணவும் உடையும் ஹராமாக உள்ளவரின் துஆ எவ்வாறு ஏற்கப்படும் என்றும் கேட்டார்கள். இது முஸ்லிமில் உள்ளது. உடன்பிறந்த சகோதரிக்குரிய வாரிசுப் பங்கைக் கொடுக்காமல், அந்த நிலத்தின் நெல்லை உண்டு கையேந்துவோர் இதனைச் சிந்திக்கட்டும். அவரவர் துஆவின் மடையை அடைப்பது வேறெவருமல்லர்; அவரவரே!

இன்றிரவே தொடங்குங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, “உனக்கு வேண்டியதை நீயே அல்லாஹ்விடம் கேள்” என்று பழக்குங்கள். பாங்குக்கும் இகாமத்துக்கும் இடைப்பட்ட நேரம், இரவின் கடைசிப் பகுதி, வெள்ளிக்கிழமையின் அந்தச் சிறப்பான நேரம் ஆகியவற்றை நழுவவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வயல்களையும் உள்ளங்களையும் செழிக்கச் செய்வாயாக! உன்னிடம் கேட்பதில் சலிக்காத நாவையும், ஹலாலான உணவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.