இன்கா மக்களின் பழங்கதைகளும் வழிபாடும்

தென்னமெரிக்காவின் மேற்கு ஓரமாக நெடுகக் கிடக்கும் ஆண்டீசு மலைத்தொடரில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது குசுகோ நகரம். இன்காப் பேரரசின் தலைநகர் இதுவே. பதினைந்தாம் நூற்றாண்டில் விரைந்து வளர்ந்த அப்பேரரசு, இன்றைய கொலம்பியாவின் தென்பகுதி தொடங்கிச் சிலி நாட்டின் நடுப்பகுதி வரையில் பரவி நின்றது. தம் நாட்டை அம்மக்கள் 'தவந்தின்சுயு' என்று வழங்கினர். நான்கு கூறுகளும் ஒன்றுகூடியது என்பது அச்சொல்லின் பொருள். 1532ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிசாரோ என்னும் இசுபானியத் தலைவன் கயமார்க்கா என்னுமிடத்தில் அரசன் அதவால்பாவைச் சிறைப்பிடித்தான். அடுத்த ஆண்டில் அவ்வரசன் கொல்லப்பட்டான்.

இம்மக்களின் கதைகள் இளையோர்க்கான நூல்கள் பலவற்றில் சுருக்கமாகச் சொல்லப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவது ஒரே கதை. கதிரவன் தன் மகன் மாங்கோ கபாக்கையும் மகள் மாமா ஒக்லோவையும் தித்திகாகா ஏரியில் இறக்கி, அவர்கள் கையில் ஒரு பொற்கோலைத் தந்தான். அக்கோல் எந்நிலத்தில் ஒரே குத்தில் புதைகின்றதோ அங்கே நகர் அமைக்குமாறு பணித்தான். அது குசுகோவில் புதைந்தது என்பது கதை. இனிய கதையே. ஆயினும் இஃது ஒன்றே இன்கா மக்களின் தோற்றக் கதை என்று கற்பித்தல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. கதைகள் நமக்குக் கிடைத்த வழி

இன்கா மக்களிடத்து, நாம் அறிந்த பொருளில் எழுத்து இல்லை. 'கிப்பு' எனப்படும் முடிச்சுக் கயிறுகளால் எண்ணிக்கைகளைப் பதிந்து வைத்தனர். கதைகள் வாய்மொழியாகவே வாழ்ந்தன. அவற்றை ஏட்டில் ஏற்றியவர்கள் வென்ற இனத்தாரும், அவரொடு கலந்து வாழ்ந்தோரும் ஆவர். ஆகலின் ஒரு கதையைப் படிக்குங்கால் அதனை எழுதியவர் யார், எப்பொழுது, எதற்காக எழுதினார் என்னும் மூன்றனையும் உடன் வினவுதல் வேண்டும்.

பொற்கோல் கதையைப் பரப்பியவர் கார்சிலாசோ. 1539இல் குசுகோவில் பிறந்த இவருடைய தந்தை இசுபானியர். தாய் இன்கா அரசகுலத்தவர். இளமையில் ஊரை விட்டு நீங்கி, முதுமையில் இசுபானிய நாட்டிலிருந்து எழுதிய இவரது நூல் 1609இல் லிசுபன் நகரில் அச்சாயிற்று. தம் தாயின் குலம் காட்டுமிராண்டிக் குலமன்று, நாகரிகத்தைப் பரப்பிய குலம் என்று ஐரோப்பியர்க்கு உணர்த்துதலே அவர்தம் நோக்கம். அந்நோக்கத்திற்கு ஏற்பவே கதை வடிவம் பெற்றுள்ளது.

2. மற்றொரு தோற்றக் கதை

கார்சிலாசோவிற்கு முன்னரே 1551இல் பெத்தான்சோசும், 1572இல் சார்மியந்தோவும் குசுகோ மக்களிடம் கேட்டு எழுதிய கதை வேறு. பக்காரித்தம்போ என்னுமிடத்து ஒரு குகையினின்று உடன்பிறந்தோர் எண்மர் வெளிப்பட்டனர். நால்வர் ஆண்கள், நால்வர் பெண்கள். அவருள் அயார் கச்சி என்பான் கவணெறிந்து மலைகளைப் பிளக்கும் ஆற்றலுடையவன். அவ்வாற்றலுக்கு அஞ்சிய மற்றையோர், மறந்த பொருளை எடுத்து வருமாறு அவனைக் குகைக்குத் திருப்பியனுப்பி, வாயிலைக் கல்லால் அடைத்துவிட்டனர். மற்றொருவன் வனகவுரிக் குன்றில் கல்லாய்ச் சமைந்தான். எஞ்சியோர் குசுகோவை அடைந்து நிலம் கைக்கொண்டனர்.

இக்கதையில் வஞ்சமும் அச்சமும் உள்ளன. உடன்பிறந்தானைக் கொன்ற பழியும் உள்ளது. அரசு தோன்றியதன் கடுமையை இது மறைக்கவில்லை. மேலும் இக்கதை வழிபாட்டொடு பிணைந்து நின்றது. கல்லான உடன்பிறந்தானை வனகவுரியில் வழிபட்டனர். உயர்குடி இளைஞர் ஆடவராக ஏற்கப்படும் சடங்கில் அக்குன்றிற்குச் சென்று வருதல் ஒரு பகுதியாக இருந்தது. பொற்கோல் கதை மட்டும் அறிந்தார்க்கு அச்சடங்கின் பொருள் விளங்காது.

3. தெய்வங்களும் புனிதப் பொருள்களும்

படைப்புக் கடவுள் விராகோச்சா எனப்பட்டான். 1575ஆம் ஆண்டையொட்டி மோலினா என்னும் பாதிரியார் எழுதியதன்படி, அவன் மண்ணால் மக்களைச் சமைத்து, ஒவ்வோர் இனத்திற்கும் உரிய உடையைத் தீட்டி, மொழியும் பாட்டும் விதையும் அளித்து, நிலத்தின்கீழ்ப் போக்கினான். பின்னர் அவ்வவ்வினத்தார் குகை, ஊற்று, மலை ஆகிய தத்தம் இடங்களினின்று வெளிப்பட்டனர். எனவே ஒவ்வோர் ஊரும் தான் தோன்றிய இடத்தைத் தொழுதது.

கதிரவனாகிய இன்தி அரசகுலத்தின் தந்தை, திங்களாகிய மாமா கிய்யா தாய், இடியும் மழையும் இய்யாப்பாவின் ஆட்சி, நிலம் பாச்சமாமா. இவற்றினும் பரந்த பொருளுடையது 'வாக்கா' என்னும் சொல். கல், ஊற்று, மலைமுடி, கோயில், முன்னோர் உடல் என ஆற்றலுறையும் எப்பொருளும் வாக்காவே. குசுகோவைச் சுற்றி 41 கோடுகளின்மேல் முந்நூற்றுக்கு மேற்பட்ட வாக்காக்கள் இருந்தன என்று 1653இல் கோபோ என்பார் பட்டியலிட்டுள்ளார். இக்கோடுகள் கதிரவன் கோயிலாகிய கொரிகாஞ்சாவினின்றும் பரந்து சென்றன. அக்கோயிலின்மேல் இசுபானியர் துறவிமடம் எழுப்பினர். 1950இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் மடம் சிதைந்தபோது, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் வெளிப்பட்டன.

இறந்த அரசரின் உடல்களைக் கெடாமற் காத்து, உணவும் சோள மதுவும் படைத்து, விழாக்களில் எழுந்தருளச் செய்தனர். 1559இல் போலோ என்னும் அதிகாரி அவ்வுடல்கள் பலவற்றைக் கைப்பற்றினார். நாட்டை நீங்குமுன் அவற்றுட் சிலவற்றைக் கண்ட கார்சிலாசோ, வாய்னா கபாக் அரசனின் விரலைத் தொட்டுப் பார்த்ததாகவும், அது மரச்சிற்பத்தின் விரல்போல் விறைத்திருந்ததாகவும் எழுதியுள்ளார்.

4. மறைக்கத் தகாத ஒன்று

'காபாகோச்சா' என்னும் சடங்கில் சிறார்கள் பலியிடப்பட்டனர். இசுபானியர் எழுதியமையின் இது பழிச்சொல்லோ என்று ஐயுறலாம். கார்சிலாசோ இன்கா மக்களிடம் நரபலி இல்லை என்றே மறுத்தார். ஆயினும் 1999இல் அர்ச்சென்டீனா-சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள யுயையாக்கோ மலைமுடியில் மூன்று சிறாரின் உடல்கள் பனியிற் கெடாது கிடைத்தன. மூத்த சிறுமிக்கு அகவை பதின்மூன்று அளவு. அவள் தலைமயிரை ஆராய்ந்ததில், இறப்பதற்கு ஓராண்டு முன்னர் அவளது உணவு உயர்ந்ததும், கோக்கா இலையும் மதுவும் மிகுதியாகத் தரப்பட்டதும் புலனாயின. ஈண்டுக் குலப்பற்றுடையவர் மறைத்ததைப் பகைவர் உரைத்தனர். மண் அதனை மெய்ப்பித்தது. எழுதியவரை விரும்புதல் வேறு, அவர் கூற்றை ஆராய்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. மக்கள் மொழியில் ஒரு நூல்

குசுகோவின் கதைகள் ஆள்வோரின் கதைகள். ஆளப்பட்டோரின் கதைகளைத் தருவது, லிமாவிற்குக் கிழக்கேயுள்ள வாரொச்சிரி மலைநாட்டில் 1608ஐ ஒட்டிக் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட சுவடி. முன்னோர்க்கு எழுத்துத் தெரிந்திருப்பின் அவர்தம் வாழ்வு மறைந்திராது என்னும் ஏக்கத்தொடு அது தொடங்குகின்றது. அதில் ஒரு கதை: வான்கங்கையின் நடுவே கரிய நிழலாகத் தோன்றும் யாகானா என்னும் இய்யாமா விலங்கு, நள்ளிரவில் இறங்கிக் கடல்நீரைக் குடிக்கின்றது, குடியாதாயின் உலகம் வெள்ளத்தில் மூழ்கிவிடும். விண்மீன்களை மட்டுமன்றி அவற்றிடையே கிடக்கும் இருளையும் உருவங்களாகக் கண்ட மக்கள் இவர்கள்.

இச்சுவடி காக்கப்பட்டதன் வரலாறு வியப்பிற்குரியது. அதனைத் தம்பால் வைத்திருந்தவர் ஆவிலா என்னும் பாதிரியார். அவர் அப்பகுதி வழிபாட்டை ஒழிக்க முனைந்தவர். 1609இல் லிமாவில் வாக்காக்களைத் தீயிலிட்டவர். அழிக்க வேண்டியதை அறிந்துகொள்ளத் திரட்டிய ஏடே, அழிந்ததற்கு இன்று எஞ்சிய சான்றாய் நிற்கின்றது.

முடிவு

மேற்கூறியவற்றால் போதருவன இவை: இன்காக் கதை ஒன்றன்று, பல, ஒவ்வொன்றும் ஒருவர் வாய்மொழி, ஒருவர் எழுத்து, ஒரு நோக்கம் ஆகியவற்றொடு வந்தது. இளையோர்க்கு எழுதுவார் பொற்கோல் கதையைச் சொல்லுக. அடைக்கப்பட்ட குகையின் கதையையும் உடன் சொல்லுக. இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று இளையோர் வினவுவராயின், ஆராய்ச்சி அங்கே தொடங்கிவிட்டது. ஆண்டீசு மலைநாட்டில் இன்றும் உழவர், மது அருந்துமுன் சில துளிகளைப் பாச்சமாமாவிற்கென நிலத்தில் சிந்துகின்றனர். கெச்சுவா மொழியைப் பல இலக்கம் மக்கள் பேசுகின்றனர். ஆதலின் இக்கதைகள் இறந்துபட்ட ஓர் இனத்தின் எச்சமல்ல. வாழும் மக்களின் உடைமை. அவ்வுணர்வொடு அவற்றைக் கற்றலும் கற்பித்தலும் நம் கடன்.