பழுதான தளபாடமும் விற்பனையாளரின் உத்தரவாதமும்

(க.பொ.த. சாதாரண தரம் – நுகர்வோர் பாதுகாப்பு அலகுக்கான துணைக் கட்டுரை)

மாணவர்களே,

நுகர்வோர் பாதுகாப்பு என்னும் அலகைப் படிக்கும்போது உங்களிற் பலர் உரிமைகளின் பெயர்களை மட்டும் மனனஞ் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குச் செல்கின்றீர்கள். 1962 மார்ச் 15 இல் அமெரிக்க சனாதிபதி ஜோன் எவ். கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை எடுத்துக் கூறினார் என்பதும், அந்நாளே உலக நுகர்வோர் உரிமைகள் தினமாகக் கொள்ளப்படுகின்றது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் "வாங்கிய அலுமாரி இரண்டு மாதத்திற் பழுதானால் யாரிடம், எவ்வாறு, எக்காலத்துக்குள் கேட்பது?" என்று வகுப்பிற் கேட்டால் விடை வருவதில்லை. அதற்கான விடையே இக்கட்டுரை.

1. உத்தரவாதம் என்றால் என்ன?

தாம் விற்கும் பொருள் குறித்த தரத்தில் இருக்கும், குறித்த காலம் வரை பழுதின்றிப் பயன்படும், பழுது ஏற்படின் தாமே பொறுப்பேற்பார் என்று விற்பனையாளர் அல்லது உற்பத்தியாளர் அளிக்கும் வாக்குறுதியே உத்தரவாதம் எனப்படும். இது இரு வகைப்படும்.

(அ) வெளிப்படையான உத்தரவாதம்: எழுத்தில் அல்லது வாய்மொழியிற் கூறப்படுவது. உதாரணம்: "ஒரு வருட உத்தரவாதம்" எனப் பற்றுச்சீட்டில் எழுதியிருத்தல்.

(ஆ) உட்கிடையான உத்தரவாதம்: எவரும் கூறாவிட்டாலும் சட்டத்தினால் உள்ளதாகக் கொள்ளப்படுவது. உதாரணம்: கதிரை என்று விற்றால் அதில் ஒருவர் அமரக்கூடியதாக இருத்தல் வேண்டும்.

2. சட்டம் என்ன கூறுகின்றது?

இலங்கையில் இவ்விடயத்துக்கு இரண்டு சட்டங்கள் முக்கியமானவை.

முதலாவது, 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பொருள் அதன் விபரணத்துடன் பொருந்த வேண்டும் என்பதை இது கூறுகின்றது. தேக்கு மேசை என்று விற்றுவிட்டு, சிப்போர்ட்டின் மேல் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய மேசையைக் கொடுத்தால் அது விபரண மீறலாகும். மேலும், வாங்குபவர் தமது தேவையைக் கூறி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால் பொருள் அத்தேவைக்குப் பொருத்தமாக இருத்தல் வேண்டும். "பாரமான புத்தகங்கள் அடுக்குவதற்கு இறாக்கை வேண்டும்" என்று கூறி வாங்கிய இறாக்கை சில நாட்களில் வளைந்தால் இது பொருந்தும்.

இச்சட்டத்தில் வாங்குபவர் கவனிக்க வேண்டிய மூன்று விடயங்களும் உண்டு. வாங்கும்போது பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பற்றிப் பின்னர் முறையிடுவது கடினம். உட்கிடை நிபந்தனைகளை இரு தரப்பினரும் வெளிப்படையான உடன்பாட்டினால் நீக்கிக்கொள்ளவும் முடியும். எனவே பத்திரத்தின் பின்புறத்திற் சிறிய எழுத்தில் உள்ளவற்றைப் படித்த பின்பே கையொப்பமிடுக. மேலும், பொருளை நிராகரிப்பதாக அறிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால் அதனை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

இரண்டாவது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். வர்த்தகரோ உற்பத்தியாளரோ அளித்த உத்தரவாதத்துக்கு, அது உட்கிடையானதாயினும், பொருந்தாத பொருளைப் பற்றி 13 ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். விசாரணையின் பின் மீறல் நடந்துள்ளது என அதிகாரசபை கருதினால் நட்டஈடு வழங்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தை மீளளிக்குமாறோ கட்டளையிடும்.

3. எது குறைபாடு, எது குறைபாடன்று?

விற்பனையின்போதே பொருளில் இருந்த குறை பின்னர் வெளித்தெரிந்தாலும் அது குறைபாடே. ஈரம் காயாத பலகையிற் செய்த கதவு வெடித்தல் அல்லது வளைதல், பொருத்துகள் கழலுதல், பலகைக்குள் முன்னரே இருந்த உளுப்பூச்சி மாவாகக் கொட்டுதல் என்பன உதாரணங்களாகும்.

மாறாக, மழைநீர் பட்டுச் சிப்போர்ட் ஊதுதல், வீட்டுக் கறையான் அரித்தல், வீடு மாறும்போது அடிபட்டுக் கால் முறிதல், நாட்பட்ட பாவனையால் நிறம் மங்குதல் என்பவற்றுக்கு விற்பனையாளர் பொறுப்பாளியல்லர். மனம் மாறியதால் பொருளைத் திருப்பிக் கொடுக்க விரும்புவதும் உத்தரவாதத்துள் அடங்காது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடைச் சுவரில் எழுதியிருப்பது இத்தகையோருக்கே பொருந்தும். கடைக்காரர் தாமே எழுதிக்கொடுத்த உத்தரவாதத்தைச் சுவரிலுள்ள வாசகம் அழித்துவிடாது.

4. முறைப்பாட்டின் படிமுறைகள்

(அ) பற்றுச்சீட்டையும் உத்தரவாதப் பத்திரத்தையும் ஒன்றாகப் பேணுக. வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வர்த்தகரின் சட்டக் கடமையாகும்.

(ஆ) குறையைக் கண்டவுடன் பாவனையை நிறுத்திப் படம் எடுத்து வைக்குக. தெரிந்த தச்சரைக் கொண்டு திருத்த வேண்டாம். "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று கடைக்காரர் கூறுவதற்கு அது இடமளிக்கும்.

(இ) கடைக்கு எழுத்து மூலம் அறிவிக்குக. பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதியையும் தபாற் கந்தோர் தந்த சீட்டையும் வைத்திருக்குக.

(ஈ) தீர்வு கிடைக்காவிடின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடுக. மாவட்ட அலுவலகங்களிலும் முறைப்பாட்டைக் கையளிக்கலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம்.

(உ) தவணைமுறையில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணைப் பணத்தை நிறுத்த வேண்டாம். வாடகைக் கொள்வனவில் இறுதித் தவணை செலுத்தும் வரை பொருளின் உரிமை உங்களுடையதன்று. பணத்தை நிறுத்தினால் உடன்படிக்கையை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

5. மிக முக்கியமான விடயம்: மூன்று மாதம்

அதிகாரசபைக்கான முறைப்பாடு பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்திற் செய்யப்படல் வேண்டும். கடைக்காரரின் உத்தரவாதம் ஒரு வருடமாக இருக்கலாம், ஐந்து வருடமாகவும் இருக்கலாம். அதனால் இந்த மூன்று மாதம் நீளுவதில்லை. இரண்டும் வெவ்வேறு காலங்கள்.

இதனை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. வகுப்பு ஆரம்பித்த காலத்தில், சேர்த்து வைத்த பணத்தில் மாணவர்களுக்காக ஒரு நீள மேசையும் ஆறு கதிரைகளும் வாங்கினேன். மாசி மாதம் வாங்கிய மேசையின் கால் பங்குனியில் வெடித்தது. இரண்டு கதிரைகளின் பொருத்து கழன்றது. பத்திரத்தில் ஒரு வருட உத்தரவாதம் இருந்தபடியால் நான் பதறவில்லை. கடைக்குச் சென்றேன். "அடுத்த கிழமை ஆள் அனுப்புறம் சேர், யோசிக்காதேங்கோ" என்றார் முதலாளி. மரியாதையாகப் பேசிய மனிதரிடம் கடிதம் நீட்டக் கூச்சமாக இருந்தது. ஐந்து முறை சென்றேன். ஐந்து முறையும் அதே பதில். வைகாசி கடைசியில் அதிகாரசபை அலுவலகத்துக்குச் சென்றபோது அங்கிருந்த உத்தியோகத்தர் பற்றுச்சீட்டின் திகதியைப் பார்த்துவிட்டு, "மூன்று மாதம் கடந்துவிட்டதே" என்றார். ஐந்து முறை சென்றதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை.

பின்னர் மத்தியஸ்த சபைக்குச் சென்றேன். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இச்சபையிற் சட்டத்தரணி இன்றி இரு தரப்பினரும் நேரிற் பேசி இணங்கலாம். கடைக்காரர் மேசைக் காலை மாற்றித் தர இணங்கினார். கதிரைகளுக்கு இணங்கவில்லை. சபை இணக்கத்துக்கே உதவும், தீர்ப்பு வழங்காது. அந்த இரண்டு கதிரைகளையும் நானே செலவு செய்து திருத்தினேன். உத்தரவாதம் இல்லாததால் அன்று, கடிதம் எழுதாததால் நான் இழந்தேன்.

6. மாதிரிக் கடிதம்

முகவரி, திகதி என்பவற்றின் பின்:

முகாமையாளர் அவர்கட்கு,

ஐயா,
பழுதான அலுமாரி தொடர்பானது

மேற்படி அலுமாரியை இவ்வருடம் சனவரி 10 ஆம் திகதி தங்கள் கடையில் வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. பெப்ரவரி 18 ஆம் திகதி அதன் வலப்பக்கக் கதவு வெடித்திருப்பதைக் கண்டேன். தங்கள் ஒரு வருட உத்தரவாதத்தின்படி 14 நாட்களுக்குள் இதனை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கின்றேன். தவறின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவேன் எனவும் அறியத்தருகின்றேன்.

இங்ஙனம்,
(கையொப்பம்)

கவனிக்குக: வாங்கிய திகதி, குறை, கோரிக்கை, கால எல்லை ஆகிய நான்கும் இதில் உள்ளன. கோபச் சொல் எதுவும் இல்லை. 14 நாட்களில் பதில் வராவிட்டாலும் மூன்று மாதம் முடிவதற்கு முன் முறையிட நாட்கள் மிஞ்சுகின்றன.

7. பயிற்சி வினாக்கள்

1. வெளிப்படையான உத்தரவாதம், உட்கிடையான உத்தரவாதம் என்பவற்றை உதாரணத்துடன் வேறுபடுத்துக.

2. 13 ஆம் பிரிவின் கீழ் அதிகாரசபை இடக்கூடிய மூன்று கட்டளைகள் எவை?

3. கமலா ஏப்ரல் 5 இல் இரண்டு வருட உத்தரவாதத்துடன் கட்டில் வாங்கினார். யூன் 20 இல் அதன் சட்டம் முறிந்தது. "இரண்டு வருடம் இருக்கிறதுதானே" என்று அவர் காத்திருக்கின்றார். அவருக்கு நீர் கூறும் ஆலோசனை யாது?

விடைக் குறிப்பு (வினா 3): அதிகாரசபைக்கு முறையிடும் காலம் யூலை ஆரம்பத்தில் முடிவடையும். ஏறத்தாழ இரண்டு கிழமைகளே உள்ளன. கடைக்கு உடனடியாகப் பதிவுத்தபாலிற் கடிதம் அனுப்பிச் சில நாட்களே அவகாசம் கொடுத்து, பதில் கிடைக்காவிடின் காலம் முடியுமுன் அதிகாரசபைக்கு எழுத வேண்டும்.

இவ்வினாவுக்கு விடை எழுதியபின் வீட்டிலுள்ள பற்றுச்சீட்டுகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அண்மையில் ஏதாவது வாங்கியிருந்தால், மூன்று மாதம் முடியும் திகதியை அதன் மேல் பென்சிலாற் குறித்து வைத்து அம்மா அப்பாவிடமும் கூறுங்கள்.