குதிகாலுக்குத் தெரிந்த தாளம்

இரானி சாய் கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் மேசைமேல் விரலால் ஒன்றிலிருந்து ஆறு வரை எண்ணித் தட்டிப் பார்ப்போம். ஒன்றையும் நான்கையும் அழுத்தி, மற்றவற்றை லேசாக. அப்படியே வேகத்தைக் கூட்டுங்கள். நாலைந்து சுற்றுக்குள் குதிகால் தானாக ஆடத் தொடங்கிவிடும். ஹைதராபாத்திலிருந்து கிளம்பும் நாட்டுப்புற பாப் பாட்டு வெளிநாட்டுக்காரரை எப்படிப் பிடிக்கிறது என்பதை இந்தக் குதிகாலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேற்கத்திய இசையில் இந்தக் கணக்கை 'சிக்ஸ்-எய்ட்' என்பார்கள். நமக்குத் திஸ்ர நடை, தகிட தகிட. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னே போக மூன்று, பின்னே வர மூன்று. எண்ணுவது ஆறு, உடம்பு உணர்வது இரண்டே வீச்சு. அதனால் பாட்டியும் பேத்தியும் ஒரே அடிக்கு ஆடலாம், அவள் நிதானமாக, இவள் துள்ளலாக. நம் கும்மியிலும் இதே நடையைக் கேட்டிருப்போம்.

'ஆர்.ஆர்.ஆர்.' என்ற தெலுங்குப் படத்தின் 'நாட்டு நாட்டு' பாட்டில் இசையமைப்பாளர் கீரவாணி எடுத்துக்கொண்டது இந்த நடையைத்தான். எழுதியவர் சந்திரபோஸ், பாடியவர்கள் காலபைரவாவும் ஹைதராபாத்துக்காரரான ராகுல் சிப்ளிகஞ்சும். 2023 மார்ச்சில் ஆஸ்கர் மேடையில் இருவரும் அதைத் தெலுங்கிலேயே பாடினார்கள். ஓர் இந்தியப் படப்பாட்டு சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வாங்கியது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்தத் 'தெலுங்கிலேயே' முக்கியமாகப் படுகிறது. ஒப்பிட்டுப் பாருங்கள்: செக் நாட்டின் யாரோமிர் வெய்வோதா 1927இல் அமைத்த ஒரு போல்கா மெட்டு உலகம் சுற்றியது. ஆனால் ஜெர்மனிக்குப் போனபோது ஜெர்மன் சொற்களையும், அமெரிக்காவுக்குப் போனபோது ஆங்கிலச் சொற்களையும் உடுத்திக்கொண்டுதான் போனது.

"அவர்களுக்கு இதெல்லாம் விநோதம், அதனால் ரசிக்கிறார்கள்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கேதான் நாம் தவறுகிறோம். விநோதத்தை ஒரு தடவை வாய்பிளந்து பார்ப்பார்கள். எழுந்து ஆட மாட்டார்கள். ஆடுவதற்கு அடுத்த அடி எங்கே விழும் என்று காலுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அயர்லாந்தின் ஜிக் ஆட்டமும் ஆறு எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு 'நாட்டு நாட்டு'வின் மொழி புதிது, நடை பழசு. பிரேம் ரக்ஷித் அமைத்த ஆட்டத்திலும் பாருங்கள்: இரண்டு பேர், தோளோடு தோள், கால்சட்டை வாரைப் பிடித்து இழுத்தபடி ஒரே எட்டு. கண்ணுக்கும் அதே இரட்டை வீச்சு கிடைத்துவிடுகிறது. இந்தப் படம் வெளிநாட்டில் எவ்வளவு தூரம் பிடித்தது என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள்: 1998இல் அங்கே வெளியான நம் 'முத்து' படம் இந்தியப் படங்களின் வசூலில் இருபது வருடத்துக்கு மேல் முதலிடத்தில் இருந்தது. 2022 அக்டோபரில் வெளியான 'ஆர்.ஆர்.ஆர்.' வந்துதான் அதைத் தாண்டியது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஹைதராபாத்தின் தாளமே பல கரைகளிலிருந்து வந்தது. நிஜாமின் படையில் வேலை பார்க்க யேமனின் ஹத்ரமவுத்திலிருந்து அரபிகள் வந்தார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திகளும் வந்தார்கள். பார்க்கஸ், ஏ.சி. கார்ட்ஸ் என்ற பேட்டைகள் இன்றும் அவர்களைச் சொல்கின்றன. அவர்களுடைய மர்ஃபா மேளம் ஹைதராபாத் கல்யாண ஊர்வலங்களில் முழங்குகிறது. போனாலு திருவிழாவுக்கும் விநாயகர் ஊர்வலத்துக்கும் இளைஞர்களை ஆட வைக்கும் தீன்மார் அடியும் அதிலிருந்து கிளைத்தது என்பார்கள். கூடவே தெலங்கானா கிராமத்து டப்பு. நம் பறைக்கு நெருங்கிய சொந்தம் அது. தீயில் காய்ச்சி, ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சியும் மறு கையில் தடித்த குச்சியுமாக அடிப்பார்கள்.

ஆனால் எல்லாப் பாட்டும் இப்படிக் கடல் தாண்டாது. தர்ஷனம் மொகிலய்யா பன்னிரண்டு மெட்டுகள் கொண்ட கின்னரம் என்ற நரம்புக் கருவியை மீட்டிப் பண்டுக சாயன்னா போன்ற வீரர்களின் கதையைப் பாடுபவர். 'பீம்லா நாயக்' படப்பாட்டில் அவர் குரல் ஒலித்தது. 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் பாடுவதில் கதைதான் பாட்டு. அந்த வீரன் யாரை எதிர்த்தான், யாருக்குக் கொடுத்தான் என்பது புரியாவிட்டால் பாதி சுவை போய்விடும். அந்தப் பாட்டுக்கு வரிகளை மொழிபெயர்த்துத் திரையின் அடியில் ஓடவிட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து யாராவது கதையும் சொல்ல வேண்டும். மொகிலய்யாவைக் கேட்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு அந்த உதவியை நாம்தான் செய்துதர வேண்டும்.