ஓய்வுக் காலத்தில் விளையாட்டுக் கருவிகள்



விளையாட்டுக் கருவிகள் எப்போது கெடுகின்றன என்று மாணவர்களைக் கேட்டால், "விளையாடும்போதுதான்" என்று உடனே பதில் சொல்வார்கள். அது பாதி உண்மை. யாரும் தொடாமல் கிடக்கும் காலத்திலும் அவை கெடுகின்றன. பள்ளி ஆண்டு முடிந்து நீண்ட விடுமுறை வருகிறது. பொருளறை பூட்டப்படுகிறது. மீண்டும் திறக்கும்போது வலையில் பூசணம், பந்தில் வெடிப்பு, கம்பத்தில் துரு, வளைகோலில் கரையான். இவற்றை யாரும் விளையாடி உடைக்கவில்லை. வைத்த முறையே உடைத்தது.

நம் பந்திங் வட்டாரத்திற்கு விளையாட்டு புதிதன்று. இங்குள்ள கஞ்சோங் டாராட் கிராமத்திலிருந்துதான் சீடேக் சகோதரர்கள் பூப்பந்து உலகிற்குப் போனார்கள். 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ராசிஃப், ஜலானி இணை வென்ற வெண்கலமே மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 1996இல் அட்லாண்டாவில் அவர்களுடைய தம்பி ரஷீத் ஒற்றையர் பிரிவில் வெண்கலம் வென்றார். இதைக் கேட்டு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் ஆசை பிறக்கிறது. ஆனால் சொந்தமாக மட்டை வாங்க எல்லா வீட்டிலும் வசதி இராது. பள்ளி மட்டைதான் அவர்களுக்கு மட்டை. அது கெட்டால், புதியது வரும்வரை பிள்ளை ஓரமாக நின்று மற்றவர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். ஆகவே கருவியைக் காப்பது பிள்ளையின் வாய்ப்பைக் காப்பதாகும்.

ஒரு கருவியை ஓய்வில் வைக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது உலர்ந்திருக்கிறதா? அதன் உருவம் மாறாதபடி வைத்திருக்கிறோமா? அதனால் யாருக்கும் ஆபத்து நேராமல் இருக்குமா?

முதற்கேள்வி நம் ஊருக்கு மிக முக்கியம். கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் மிகுதி. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழையும் கூடும். மோரிப் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் காற்றில் உப்பும் கலந்து வருவதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வியர்வை பட்ட கைப்பிடித் துணியையோ, மழையில் நனைந்த வலையையோ அப்படியே சுருட்டி மூடிய பெட்டியில் போட்டால் சில நாட்களிலேயே பூசணம் பூக்கும். எனவே முதலில் துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்தி, அதன் பிறகே உள்ளே வைக்க வேண்டும். கடும் வெயிலில் காயவைப்பது தவறு. தோலும் ரப்பரும் வெடிக்கும், பசை விட்டுப்போகும்.

இரண்டாவது கேள்வி உருவத்தைப் பற்றியது. இதை விளக்க நம் ஊரில் இல்லாத ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். நார்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளிலும், காஷ்மீரத்தின் குல்மார்க்கிலும் மக்கள் இரு கால்களிலும் நீண்ட, குறுகிய பலகைகளைப் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறார்கள். அப்பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்றே மேலெழுந்து நிற்கும். அந்த வளைவுதான் ஆளின் எடையைப் பலகையின் நீளம் முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கிறது. வளைவு போனால் பலகையின் பயன் குறைந்துவிடும். ஆகையால் மரப்பலகைகள் வழங்கிய காலத்தில், பனி உருகியதும் இரண்டின் அடிப்பாகங்களையும் எதிரெதிராகச் சேர்த்து, இரு முனைகளையும் கட்டி, நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி வைத்தார்கள். இன்றைய பலகைகளுக்குக் கட்டை தேவையில்லை. ஆனால் வளைவு நசுங்கும்படி இறுக்கிக் கட்டக்கூடாது என்ற விதி அப்படியே இருக்கிறது. எஃகு விளிம்பின் துருவை நீக்கி, அடிப்பாகத்தில் மெழுகைக் கனமாகப் பூசி, உலர்ந்த அறையில் வைப்பார்கள். அடுத்த பனிக்காலம் வரை அந்த மெழுகே காப்பு.

இதே பாடத்தை நம் பழைய பூப்பந்து மட்டையும் சொன்னது. மரச்சட்ட மட்டையில் நரம்புகள் ஓயாமல் சட்டத்தை உள்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ஈரக் காற்றில் மரம் இளகும்போது அந்த இழுப்பால் சட்டம் கோணும். அதனால்தான் நான்கு மூலைகளிலும் திருகாணி வைத்த ஒரு மரச்சட்டத்துக்குள் மட்டையை அழுத்தி வைத்தார்கள். பெரியவர்கள் பலருக்கு அதை 'பிரஸ்' என்று சொன்னால் நினைவுக்கு வரும். திருகாணிகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். ஒரே மூலையை முறுக்கினால் காப்புச் சட்டமே மட்டையைக் கோணலாக்கும். பனிப்பலகைக்கு வளைவைக் காக்கக் கட்டை; மட்டைக்குத் தட்டையைக் காக்கச் சட்டம். வழி வேறு, நோக்கம் ஒன்று.

இன்றைய கார்பன் நாரிழை மட்டைக்கு ஈரத்தால் கோணும் அச்சம் இல்லை. ஆனால் அதற்கும் இரண்டு பகைகள் உண்டு. ஒன்று, வெப்பம். வெயிலில் நிற்கும் காரிலோ, தகரக் கூரையை ஒட்டிய மேல் தட்டிலோ அதை வைக்கக்கூடாது. மற்றொன்று, அறுந்த நரம்பு. ஒரு நரம்பு அறுந்தால் இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து சட்டத்தை வருத்தும். எனவே மீதி நரம்புகளையும் நடுவிலிருந்து வெளிப்புறமாக வெட்டிவிட்டே மட்டையை ஓய்வில் வைக்க வேண்டும்.

மற்றக் கருவிகளையும் பார்ப்போம். காற்பந்தை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, காற்றைச் சிறிது குறைத்து வையுங்கள். முழுவதும் இறக்கி மடித்தால் மடிப்பில் வெடிக்கும். காற்றடிக்கும் ஊசியை ஈரப்படுத்தாமல் செருகினால் வால்வு கிழியும். மர வளைகோல்களைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கவைக்கலாம், அல்லது தொங்கவிடலாம். மண்தரையைத் தொட்டால் கரையானுக்கு வழி காட்டியதாகும். அடுக்குத் தட்டைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளிப் போட்டால், கரையான் மண்கோடு இழுப்பது கண்ணில் படும். வலையை எலி எட்டாதபடி கம்பியில் தொங்கவிட வேண்டும். வலையின் மேற்கம்பியை மடிக்காமல் வளையமாகச் சுற்ற வேண்டும்.

மூன்றாவது கேள்வி பிள்ளைகளின் உயிரைப் பற்றியது. எறியும் குண்டுகள் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் ஒருநாள் யார் தலையிலாவது விழும். ஈட்டியின் முனைக்கு உறை போட்டு, படுக்கவைத்துப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, தூக்கி நகர்த்தும் இரும்புக் கோல் கம்பம். விடுமுறையில் பிள்ளைகள் அதில் தொங்கி விளையாடுவார்கள். முன்பக்கம் பாரம் ஏறினால் அது கவிழ்ந்துவிடும். அப்படிக் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. எனவே விடுமுறைக்கு முன் இரண்டு கம்பங்களையும் முகத்தோடு முகம் சேர்த்துச் சங்கிலியால் பூட்டுங்கள். அல்லது தரையில் உறுதியாகப் பிணைத்து வையுங்கள்.

இறுதியாக, பதிவேடு. பூட்டுமுன் ஒவ்வொரு பொருளையும் எண்ணி, அதன் நிலையையும் எழுதி வையுங்கள். "மட்டை, இரண்டு, நரம்பு இல்லை" என்று எழுதினால், பள்ளி திறக்குமுன்பே பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்க முடியும். விடுமுறை நடுவில் ஒரு நாள் அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். இந்த வேலைகளில் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குண்டையும் கம்பத்தையும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். துடைப்பதும் எண்ணுவதும் பிள்ளைகளால் முடியும். தான் துடைத்து வைத்த மட்டையை எந்தப் பிள்ளையும் எளிதில் தூக்கி எறியாது.