கேமரா மூடி உடைஞ்சுதுக்கு 2,832 ரூபாயா? ஸ்க்ரூடிரைவரைத் தொடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



பழைய டிஜிட்டல் கேமராவுக்கு இப்ப மறுபடியும் மவுசு வந்திருக்கு. உங்க வீட்டு அலமாரியிலயும் ஒண்ணு தூங்கிட்டு இருக்கலாம். என்கிட்ட இருக்கிறது சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் ஸ்டைபெண்டைச் சேர்த்து வெச்சு 7,500 ரூபாய்க்கு வாங்கினது. ரெண்டு பென்சில் செல் போடுற மாடல். போன மாசம் அதோட பேட்டரி மூடியில இருக்கிற கொக்கி உடைஞ்சு போச்சு. அரிசி அளவு பிளாஸ்டிக்தான். ஆனா மூடி சரியா சாத்தலைன்னா கேமரா ஆன் ஆகாது.

ஒரு சர்வீஸ் கடையில கேட்டேன். 2,400 ரூபாய், அதுக்கு 18% ஜிஎஸ்டி 432. மொத்தம் 2,832.

"7,500 போட்டு வாங்கினதாச்சே, செலவு பண்ணலாம்"னு மனசு சொல்லும். இங்கதான் பலபேர் சறுக்குறாங்க. அந்த 7,500 எப்பவோ போயிடுச்சு. இதைத்தான் நாங்க சங்க் காஸ்ட்னு சொல்லுவோம். நீங்க பார்க்க வேண்டியது, அதே மாடல் இன்னிக்கு செகண்ட் ஹேண்ட்ல என்ன விலைங்கிறதுதான். நான் பார்த்தப்ப 3,500. அதுல 80 சதவீதத்துக்கு மேல ரிப்பேருக்கே கொடுக்கிறது சரியா வராது.

சரி, நாமளே பண்ணலாம்னு முதல்ல சூப்பர் க்ளூ வெச்சு ஒட்டினேன். ரெண்டே நாள்ல புட்டுக்கிச்சு. உள்ளே ஸ்பிரிங் செல்லை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கு. அவ்வளவு சின்ன இடத்துல ஒட்டு எப்படித் தாங்கும்? போதாக்குறைக்கு அந்தப் பசையோட ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளையா பூத்துப் போச்சு. லென்ஸ் பக்கம் போகாதது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் மாடல் நம்பரைப் போட்டு ஆன்லைன்ல தேடினேன். மூடி மட்டும் 280 ரூபாய்க்குக் கிடைச்சுது. சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் 250. செல்லையும் மெமரி கார்டையும் வெளியே எடுத்தேன். என் மாடல்ல மூடியைப் பிடிச்சிருக்கிற ரெண்டு ஸ்க்ரூவும் வெளிப்பக்கமே இருக்கு. கழட்டின ஸ்க்ரூவை ஒரு வெள்ளைத் தட்டுல வரிசையா வெச்சேன். மூடியைக் கோத்திருக்கிற கம்பி, குட்டி ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்துதுன்னு மொபைல்ல போட்டோ எடுத்துக்கிட்டேன். புது மூடியை மாட்டி, அதே வரிசையில திருப்பி முடுக்கினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு.

உங்க நேரத்துக்கும் விலை இருக்கு, அதையும் சேர்த்துப் பாருங்க. மாசம் 40,000 சம்பளம், 200 மணி நேர வேலைன்னு வெச்சா மணிக்கு 200 ரூபாய். 530 கூட 400 சேர்த்தா 930. கடைக்காரர் சொன்னதுல மூணுல ஒரு பங்குகூட வரலை.

ஆனா ஒரு எச்சரிக்கை. கேமரா பாடியைப் பிரிச்சாத்தான் வேலை ஆகும்னா, அங்கேயே நிறுத்திடுங்க. ஃப்ளாஷுக்காக உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கு. அதுல சுமார் 300 வோல்ட் ஏறும். பேட்டரியை எடுத்த பிறகும் அது இறங்காம இருக்கலாம். விரல் பட்டா பலமான ஷாக். 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறதுக்கு இந்த ரிஸ்க் தேவையில்லை. வாரண்டி பாக்கி இருந்தாலும் கை வைக்காதீங்க.

அப்ப மூணே கேள்வி: இன்னிக்கு இதோட விலை என்ன? பார்ட் தனியா கிடைக்குதா? பாடியைத் திறக்காம மாட்ட முடியுமா?

அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அந்தக் கேமராவுலதான் எடுத்தேன். அதனால மூணு கேள்விக்கும் பதில் எதிரா வந்திருந்தாக்கூட ஒருவேளை 2,832 கொடுத்திருப்பேன். பாசத்துக்காகச் செலவு பண்றது தப்பில்லை. அதை லாபக் கணக்குல மட்டும் எழுதாதீங்க.