இணையக் கடை தடுமாறும்போது

கடையில் கேட்ட சாமான் முடிந்துவிட்டால் நாம் வாயை மூடிக்கொண்டா இருக்கிறோம்? "நாளைக்கு வரும், நம்பரைத் தந்துவிட்டுப் போங்கள்" என்கிறோம். வாடிக்கையாளரும் மனம் கோணாமல் போய்த் திரும்பி வருகிறார். இன்று நம்மில் பலர் இணையத்திலும் கடை திறந்திருக்கிறோம். அங்கே பிசகு ஏற்பட்டால் வாடிக்கையாளருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இணையத்தளத்தை இயக்கும் சேர்வர் எவ்வளவு நல்லதாயினும் ஒருநாள் தடுமாறத்தான் செய்யும். அப்போது அது ஓர் இலக்கத்தைச் சொல்லும். 404 என்றால் கேட்ட பக்கம் இல்லை. 500 என்றால் சேர்வருக்குள்ளே கோளாறு. 503 என்றால் தற்போது இயலாது, பொறுத்து வரவும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் 503 உடன் சேர்த்து அனுப்பலாம். ஆனால் வெறும் இலக்கத்தைக் கண்டு வாடிக்கையாளர் என்ன செய்வார்? பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அமெரிக்க அரசு தனது மருத்துவக் காப்புறுதி இணையத்தளத்தை 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி திறந்தது. கூட்டம் அலைமோதியதில் தளம் திணறியது. முதல் நாளில் பதிவைப் பூர்த்தி செய்தவர்கள் ஆறு பேர்தான் என்று பின்னர் தெரியவந்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். நெரிசல் கூடினால் வருபவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போகலாம், எப்போது திரும்பி வரலாம் என்று அறிவிக்கப்படும். நமது கடை வழக்கமும் இதுதானே!

காசு விடயத்தில் இன்னும் கவனம் தேவை. வாடிக்கையாளர் பணம் செலுத்துகிறார். வங்கியில் தொகை கழிகிறது. பதில் வருமுன் இணைப்பு அறுந்துவிடுகிறது. அவர் மீண்டும் அழுத்தினால் இரண்டாம் முறையும் கழியக்கூடும். ஒவ்வொரு ஓடருக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் மறுபடி வந்தால் பணத்தைக் கழிக்காமல் முதல் பதிலையே திருப்பிக் கொடுக்கும்படி அமைப்பதே இதற்கு வழி. ஒரே பில்லுக்கு நாம் இரு தடவை காசு வாங்குவதில்லை அல்லவா?

சில தளங்கள் பழுதாகும்போது கோப்புகளின் பெயர், தரவுத்தள விபரம் எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிடும். இது கல்லாப்பெட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று தெருவில் கூவுவதற்குச் சமம். அந்த விபரம் சேர்வரின் பதிவேட்டில் இருக்கட்டும். வாடிக்கையாளருக்குத் தெளிவான தமிழில் ஒரு வருத்தச் செய்தி, முறைப்பாட்டு இலக்கம், கடைத் தொலைபேசி இலக்கம், இவை மூன்றும் போதும்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். கையடக்கத் தொலைபேசியில் உங்கள் தள முகவரியை அடித்து, அதன் பின்னால் ஒரு சாய்கோடும் இல்லாத பக்கமொன்றின் பெயரும் சேர்த்துப் பாருங்கள். வெறும் 404 மட்டும் வந்தால், தளத்தைச் செய்து தந்தவரை அடுத்த கொடுப்பனவுக்கு முன் கூப்பிட்டுப் பேசுங்கள். பணம் இருமுறை கழியாதிருக்க என்ன செய்திருக்கிறார் என்பதையும் கேட்டு வையுங்கள்.