உங்களுக்குத் தெரியுமா? வட துருவம் பக்கம், தேவனஹள்ளி தூரம்!

2021 ஜனவரி 9 இரவு சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், 11-ஆம் தேதி அதிகாலை பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கியது. இடைநில்லாப் பயணம், சுமார் 14,000 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். விமானிகள் அனைவரும் பெண்கள். தலைமை விமானி ஜோயா அகர்வால்.

அது வந்த வழிதான் வேடிக்கை. சுவரில் மாட்டிய உலக வரைபடத்தைப் பார்த்தால் கடலைக் குறுக்கே கடப்பதே நேர்வழி என்று தோன்றும். ஆனால் இரு நகரங்களும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், அது வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானமும் அப்படியே பனிக்கடலுக்கு மேல் பறந்து வந்தது.

சரி, அதில் வந்திறங்கும் ஓசூர்க்காரரின் கதை? தேவனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலைவழியே சுமார் 75 கிலோமீட்டர். வானில் ஐந்தே நிமிடத் தூரம். தரையில் ஹெப்பாள், சில்க் போர்டு, அத்திப்பள்ளி என்று நெரிசலில் ஊர்ந்தால் இரண்டு, மூன்று மணி நேரம் போய்விடும். கிருஷ்ணகிரிக்காரர் இன்னும் 50 கிலோமீட்டர் போக வேண்டும்.

ஓசூரில் ஓடுபாதையே இல்லையா என்றால், இருக்கிறது. பேலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் தனியார் ஓடுபாதை உண்டு. ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று தமிழக அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. குறுக்கே நிற்பது பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம்: 150 கிலோமீட்டர் தூரத்துக்குள் புதிய விமான நிலையத்துக்கு 2033 வரை அது தடை போடுகிறது.